முகத்துக்கு எத்தனை மில்லிமீட்டர்?

நம் சங்கப் பத்திரிகையின் அஞ்சலிப் பக்கத்தை அன்பர்கள் கவனித்திருப்பீர்கள். எண்பது, எண்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, இந்தக் கல்கத்தாவில் நம் சங்கத்துக்கும் கோவிலுக்கும் ஓடியாடி உழைத்து மறைந்த ஒருவரின் படம் என்று அங்கே அச்சாவது என்ன? ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கிய, திடுக்கிட்டுப் பார்க்கும் ஒரு முகம். இல்லையென்றால் பேத்தி கல்யாணத்துக் கும்பல் படத்திலிருந்து கத்தரித்த ஒரு தலை. தோளின்மேல் வேறு யாருடைய கையோ தெரியும். படம் அனுப்புங்கள் என்று கேட்டால், அந்தத் துக்கத்திலும் வீடெல்லாம் தேடிப் பார்த்து, இதைத்தான் அனுப்ப முடிகிறது. குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அதே வீடுகள் சிலவற்றில் லட்ச ரூபாய்க்குக் குறையாத மிர்ரர்லெஸ் கேமரா ஒன்று பைக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மை. அதில் டார்ஜிலிங் மலை இருக்கும், பூஜைப் பந்தல் இருக்கும், ரவீந்திர சரோவரில் மீன் கொத்தும் பறவை இருக்கும். தாத்தா இருக்கமாட்டார்.

ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டால் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். "போர்ட்ரெய்ட்டுக்குன்னு தனி லென்ஸ் வேணும் மாமா, இன்னும் வாங்கலை." எந்த லென்ஸ் என்றால், 85 மி.மீ., எஃப் 1.2. விலை இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல். அது வந்த பிறகு தாத்தாவைப் படம் எடுப்பதாக உத்தேசம். தாத்தா அதுவரை இருக்க வேண்டுமே! முகப்படத்துக்கான லென்ஸைத் தேர்ந்தெடுப்பதில் நம்மவர்கள் பணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள், அதற்குள் காலம் கைநழுவிப் போகிறது என்பது என் அபிப்பிராயம். இருபதாயிரத்துக்குள் முடிகிற காரியம் இது. பல வீடுகளில் அந்தச் செலவும் தேவையில்லை. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே சொல்கிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு முகம் படத்தில் எந்த வடிவில் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது கேமராவுக்கும் முகத்துக்கும் இடையில் உள்ள தூரம். லென்ஸுக்கு இதில் பங்கே கிடையாது. மூக்கு நுனியிலிருந்து காது வரை ஆழம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியை 40 செ.மீ. தூரத்தில் நீட்டிப் பிடித்தால் மூக்கு 40-லும் காது 52-லும் இருக்கின்றன. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும் அல்லவா? காதோடு ஒப்பிட்டால் மூக்கு 30 சதவீதம் பெருத்துவிடுகிறது. அதே முகத்தை ஒன்றரை மீட்டர் தள்ளியிருந்து பார்த்தால் 150-க்கு 162. வித்தியாசம் 8 சதவீதம். இரண்டு மீட்டரில் 6. நாம் ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து பேசும் தூரமும் இந்த ஒன்றரை, இரண்டு மீட்டர்தான். நம் மனதில் பதிந்திருக்கும் அம்மாவின் முகம் அந்தத் தூரத்திலிருந்து பார்த்த முகம். அங்கிருந்து எடுத்த படத்தைக் கண்டதும் "அப்படியே அம்மா" என்கிறோம். கையை நீட்டி எடுத்ததைக் கண்டால் "என்னமோ மாதிரி இருக்கு" என்கிறோம். பாவம், அம்மாவே "நான் போட்டோவுக்கு நன்னா இருக்கமாட்டேன்" என்று நம்பிவிடுகிறாள்.

பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு இது கைவந்த விஷயம். பெரிய பெட்டிக் கேமராவைத் தள்ளி நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, நீளமான லென்ஸில்தான் எடுத்தார்கள். இதே ஊரில் எஸ். என். பானர்ஜி சாலை முனையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடந்துவந்த போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டூடியோ 2016-ல் மூடப்பட்டது. 1991-ல் ஏற்பட்ட தீ விபத்தில் அதன் பழைய படச் சேகரிப்பு பெரும்பாலும் போய்விட்டது. சின்னச் சின்ன ஸ்டூடியோக்கள் இன்று பாஸ்போர்ட் படத்தோடும் ஜெராக்ஸோடும் நிறுத்திக்கொண்டன. கல்யாணமான வருஷம், சஷ்டியப்தபூர்த்தி என்று குடும்பத்தோடு போய் ஒரு படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் அதோடு போயிற்று. வீட்டுக்கு வீடு கேமரா வந்த காலத்தில் பெரியவர்களுக்கு ஒரு நல்ல படம் இல்லாமற்போனதற்குக் காரணம் இதுதான். ஸ்டூடியோக்காரர் செய்த வேலையை இனி நாம்தான் செய்தாக வேண்டும்.

ஆக, முதலில் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரண்டு நாற்காலிகளைப் போடுங்கள். லென்ஸ் பேச்சு அதற்குப் பிறகு. உச்சந்தலையிலிருந்து மார்பு வரை, மேலே கொஞ்சம் இடம் விட்டு, 60 செ.மீ. உயரம். இது கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது சட்டத்தை நிரப்ப வேண்டும். சென்சார் 36-க்கு 24 மி.மீ. உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவாக இருந்தால் விடை 85 மி.மீ. என்று வருகிறது. இந்த 85 யாரும் தவமிருந்து பெற்ற எண் அல்ல. நாற்காலித் தூரத்திலிருந்து தானாக வந்து விழுவது. சோனி, நிக்கான், ஃபியூஜி நிறுவனங்களின் ஏ.பி.எஸ்.-சி. கேமராக்களில் சென்சாரின் நீளப் பக்கம் ஏறக்குறைய 23.5 மி.மீ.; அதே கணக்கில் 56 மி.மீ. லென்ஸ் வேண்டும். கேனனில் அது 22.3, எனவே 54. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் எனப்படும் சிறிய சென்சாருக்கு 42. கடைக்காரர்கள் 85, 56, 50, 45 என்று வரிசையாக எடுத்துவைப்பதன் ரகசியம் இவ்வளவே. 56-க்குப் பதில் 50 இருந்தால் நாற்காலியை ஒரு சாண் முன்னால் நகர்த்தினால் போதும். அதற்காக ஆறாயிரம் ரூபாய் அதிகம் கொடுக்க வேண்டாம்.

இந்தக் கணக்கைப் போட்டபின் வீட்டில் இருப்பதைப் பாருங்கள். ஏ.பி.எஸ்.-சி. கேமராவோடு சேர்ந்து வந்த ஜூம் லென்ஸ் 18-55 அல்லது 16-50 ஆக இருக்கும். அதைக் கடைசிவரை திருப்பினால் 55 அல்லது 50. ஃபுல் ஃப்ரேம்காரர்களிடம் 24-105 இருந்தால் நடுவில் 85 இருக்கிறது. ஆக, போர்ட்ரெய்ட் லென்ஸ் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறது. கேமரா இல்லாதவர்களும் வருந்த வேண்டாம். கைப்பேசியில் மும்மடங்கு என்று காட்டும் தனி லென்ஸ் இருந்தால், அதே நாற்காலியில் உட்கார்ந்து அதில் எடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் 'போர்ட்ரெய்ட்' பொத்தானை மட்டும் அணைத்துவிடுங்கள். அது கண்ணாடிக் கம்பியையும் காதோரத்து நரைமுடியையும் சேர்த்து விழுங்கிவிடும்.

"ஜூம் லென்ஸில் எஃப் 5.6 தானே வரும், அது இருட்டு லென்ஸ் ஆச்சே" என்று பிள்ளைகள் சொல்வார்கள். இந்தக் கவலைக்கு நூற்றெண்பது வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. டாகேரின் படமுறை 1839-ல் வெளிவந்தபோது லென்ஸ் துவாரம் எஃப் 15 அளவுக்குச் சிறியது. வெயிலில் உட்கார்ந்தவர் பல நிமிஷங்கள் அசையாமல் இருக்க வேண்டும். தலையைப் பின்னாலிருந்து இரும்புக் கவையால் பிடித்துவைத்தார்கள். மறு வருஷமே, 1840-ல், வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசப் பெட்ஸ்வால் முகப்படத்துக்கென்றே ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டு வடிவமைத்தார். எஃப் 3.6. ஏறத்தாழ பதினாறு மடங்கு வெளிச்சம் அதிகம். பரிசோதித்துப் பரிசோதித்துக் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில், காகிதத்தில் கணக்கைப் போட்டுவிட்டுக் கண்ணாடி தேய்த்தது பெரிய புரட்சி. ஃபோக்ட்லாண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. அந்த லென்ஸ் வந்த பிறகுதான் மனித முகம் சாதாரணமாகப் படத்தில் விழ ஆரம்பித்தது. ஆகவே முகப்படத்துக்குப் பெரிய துவாரம் என்பது அன்று ஜீவாதாரமான தேவை.

இன்று அந்தத் தேவை எங்கே இருக்கிறது? ஐ.எஸ்.ஓ. 1600, 3200 என்று வைத்தாலும் இன்றைய சென்சார்கள் கூசாமல் எடுக்கின்றன. ஃபிலிம் காலத்திலேயே கூட எல்லோரும் அறிந்த ஒரு முகப்படம் 1984-ல் பெஷாவருக்கு அருகே அகதிகள் முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்தது. பச்சைக் கண்கள், சிவப்பு முக்காடு. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகரஃபிக் அட்டையில் வந்தது. அது நிக்கானின் 105 மி.மீ., எஃப் 2.5 லென்ஸில் எடுக்கப்பட்டது. எஃப் 1.2 இல்லை, எஃப் 1.4-ம் இல்லை. அந்த லென்ஸின் பழைய பிரதிகளைச் சந்தையில் இன்றும் சாதாரண விலைக்கு வாங்கலாம்.

பெரிய துவாரத்தின் தொல்லை ஒன்றையும் சொல்ல வேண்டும். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.2-ல் முழுக்கத் திறந்து, ஒன்றரை மீட்டரில் வைத்தால், துல்லியமாகத் தெரியும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 2 செ.மீ. முகமோ மூக்கிலிருந்து காது வரை 12 செ.மீ. என்று பார்த்தோம். பெரியவர்கள் பெரும்பாலும் கண்ணாடி போட்டவர்கள். கண்ணாடிச் சட்டம் விழிக்கு ஒன்றேகால் செ.மீ. முன்னால் இருக்கிறது. ஃபோகஸ் சட்டத்தின் மேல் விழுந்தால் பார்வை மங்கிவிடும். ஒரு கண்ணில் விழுந்து முகம் லேசாகத் திரும்பியிருந்தால் மறு கண் போய்விடும். எஃப் 2.8-க்கு வந்தால் ஆழம் 5 செ.மீ.; எஃப் 4-ல் ஏழரை; எஃப் 5.6-ல் பத்துக்கு மேல். ஆக, இரண்டு லட்சம் கொடுத்து வாங்கிய துவாரத்தைப் பாதிக்குமேல் மூடித்தான் தாத்தாவை எடுக்க வேண்டியிருக்கும். எடையும் கொஞ்சமில்லை. கேனனின் 85 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ் 1195 கிராம். சோனியின் 85 மி.மீ. எஃப் 1.8 வெறும் 371 கிராம். ஒரு கிலோவுக்கு மேலே உள்ள கண்ணாடிக் குழாயை முகத்துக்கு நேரே நீட்டினால் எண்பது வயதுப் பாட்டி இயல்பாக எப்படி இருப்பாள்? எக்ஸ்ரே எடுக்க வந்தவள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டுவிடுவாள்.

பின்னணி மங்கலாக, வெண்ணெய் போல் குழைந்து இருக்க வேண்டும் என்பது இப்போதைய மோகம். 'பொக்கே' என்று ஜப்பானியச் சொல் ஒன்றும் அதற்கு இருக்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. பின்னால் பிளாஸ்டிக் வாளியும் துணி உலர்த்தும் கொடியும் இருந்தால் அவற்றை மங்கலாக்குவது தர்மம். ஆனால் எப்போதும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டுமா? லேக் மார்க்கெட் பக்கத்து வாடகை வீட்டில் நாற்பது வருஷம் குடியிருந்தவரை எடுக்கிறீர்கள். பச்சை வர்ணம் அடித்த மர ஜன்னல், சிவப்புச் சிமெண்டுத் தரை, சுவரில் மாட்டிய தமிழ் மாதக் காலண்டர், ஸ்ருதிப் பெட்டி, அலமாரியில் கல்கியும் சாண்டில்யனும் பைண்டு செய்த தொகுதிகள். இவற்றைக் குழப்பி வெண்ணெயாக்கிவிட்டால் அவர் நியூயார்க்கில் இருந்தாலும் நாக்பூரில் இருந்தாலும் படம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வீடு இடித்து அடுக்குமாடி எழும்பும் காலத்தில் அந்த ஜன்னலும் திரும்பி வராது. சத்யஜித் ராயை ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து படமெடுத்த நிமாய் கோஷ் 2020-ல் காலமானார். அவருடைய படங்களில் பிஷப் லெஃப்ராய் சாலை வீட்டுப் படிப்பறையும், குவிந்த புத்தகங்களும் காகிதங்களும் தெரிவதால்தான் ராய் நமக்கு ஒரு மனிதராகத் தெரிகிறார். அறையை அழித்திருந்தால் அழகான தலை ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் தனி லென்ஸ் ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு: நானும் வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. நிலையான நீளமுள்ள, எஃப் 1.8 லென்ஸ் ஒன்று போதும். ஃபுல் ஃப்ரேம் என்றால் 85, ஏ.பி.எஸ்.-சி. என்றால் 50 அல்லது 56. ஃபோர் தேர்ட்ஸ் என்றால் ஒலிம்பஸின் 45, எஃப் 1.8. 2011-ல் வந்த இந்தச் சின்ன லென்ஸின் எடை 116 கிராம். சட்டைப் பைக்குள் போய்விடும். கேனன்காரர்களுக்கு 160 கிராம் எடையுள்ள 50 மி.மீ. எஃப் 1.8 இருபதாயிரத்துக்குள்ளேயே கிடைக்கிறது. ஏ.பி.எஸ்.-சி. கேமராவில் அதைப் போட்டால் முகப்படத்துக்கு ஏற்ற நீளம் வந்துவிடும். இப்போது சீன நிறுவனங்கள் 56 மி.மீ. லென்ஸ்களை நல்ல தரத்தில், குறைந்த விலையில் கொண்டுவந்திருக்கின்றன. எஃப் 1.8 ஏன் என்றால், நம் மண்டபத்துக் கச்சேரிகளில் மேடை வெளிச்சம் போதாது. பாடகியின் முகத்தை எடுக்க அந்த ஒன்றிரண்டு படி உதவும். லட்சக்கணக்கில் செலவழிக்கக் கையில் வசதியும் மனதில் ஆசையும் உள்ளவர்கள் எஃப் 1.2 வாங்கி மகிழட்டும். அதன் அழகே தனி. தாத்தாவை அதற்காகக் காத்திருக்கவைக்க வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

வாங்குவதைக் காட்டிலும் சுவையான இன்னொரு வழியும் உண்டு. மிர்ரர்லெஸ் கேமராவின் பெரிய வரப்பிரசாதமே அதுதான் என்பேன். லென்ஸ் பொருத்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே உள்ள தூரம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு நிலையான அளவு. பழைய நிக்கான் கேமராக்களில் உள்ளே கண்ணாடி எழும்பி இறங்க இடம் வேண்டியிருந்ததால் அது 46.5 மி.மீ. கண்ணாடியே இல்லாத சோனியில் 18 மி.மீ. மிச்சம் இருக்கும் 28.5 மி.மீ.க்கு ஒரு வெற்று வளையத்தைச் செய்து நடுவில் மாட்டினால், ஐம்பது வருஷத்துப் பழைய லென்ஸ் இன்றைய கேமராவில் ஜம்மென்று உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே கண்ணாடிச் சில்லு எதுவும் இல்லாத வளையம். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். ரயில்வேயில் இருந்தவனுக்கு இதில் பொறாமைதான் வருகிறது. 1676 மி.மீ. அகலப் பாதையில் மீட்டர் கேஜ் பெட்டியை ஓட்ட இப்படி ஒரு வளையம் கிடைத்திருந்தால் எத்தனை கோடி மிச்சமாகியிருக்கும்!

அப்பா வைத்திருந்த கேமரா பரணில் இருந்தால் இறக்கிப் பாருங்கள். சோவியத் நாட்டு ஜெனித் கேமராவோடு வந்த ஹீலியோஸ் 58 மி.மீ., எஃப் 2 லென்ஸ் அதில் மாட்டியிருக்கக்கூடும். ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டார் லென்ஸை அடியொற்றிச் செய்தது. ஏ.பி.எஸ்.-சி. கேமராவில் அது ஃபுல் ஃப்ரேமில் 87 மி.மீ. போடுவதற்குச் சமம், அதாவது நம் நாற்காலிக் கணக்குக்கு வெகு பொருத்தம். பின்னணியில் இலைகள் இருந்தால் அவற்றைச் சுழி சுழியாகச் சுழற்றிக் காட்டும். நவீன லென்ஸ்கள் தோலின் ஒவ்வொரு துவாரத்தையும் எண்ணி வைக்கின்றன. இந்தப் பழையது கொஞ்சம் தாட்சண்யம் பார்க்கும். முதியவர்கள் முகத்துக்கு அந்தத் தாட்சண்யம் இதமாக இருக்கிறது. ஃபோகஸ் கையால்தான். திரையைப் பெரிதாக்கி இமை முடி தெரியும்வரை திருப்பினால் போதும். மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கு' என்று ஒன்று இருக்கும். அதை இயக்காவிட்டால் கேமரா, லென்ஸே இல்லை என்று சாதிக்கும்.

பழைய லென்ஸை எஸ்பிளனேடில் மெட்ரோ சினிமாப் பக்கத்துச் சந்துக் கடைகளில் வாங்குவதானால் கையில் ஒரு சின்ன டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போல் நூல் ஓடியிருந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு மலிவானாலும் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். துவாரத்தின் இதழ்களில் எண்ணெய் பளபளக்கக்கூடாது. தூசி ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை. இந்த ஊர் ஆனி, ஆடி மாதத்து ஈரத்தில் புது லென்ஸுக்கே பூஞ்சணம் பிடிக்கும். தோல் பைக்குள் போட்டுப் பீரோவில் பூட்டி வைப்பது லென்ஸுக்குக் கொள்ளி வைப்பது போல. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மானி. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. நீல ஜெல் ரோஜா நிறமானால் வாணலியில் லேசாகச் சூடாக்கி மறுபடி உபயோகிக்கலாம். எல்லாவற்றிலும் நல்ல மருந்து லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் படம் எடுப்பதுதான்.

படம் எடுக்கும் நாளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழட்டும். கார்த்திகை, மார்கழியில் காலை ஒன்பது மணிக்கு மேல் இங்கே கிடைக்கும் புகைமூட்டமான மென்மையான வெளிச்சத்தை எந்த ஸ்டூடியோ விளக்கும் தராது. ஃபிளாஷ் வேண்டாம். விளக்கை அணைத்துவிடுங்கள். மஞ்சளும் வெள்ளையும் கலந்தால் முகம் நோயாளி முகமாகிவிடும். கண் கண்டுபிடிக்கும் ஃபோகஸை இயக்கி வையுங்கள். பழைய ரிஃப்ளெக்ஸ் கேமராக்களில் ஃபோகஸ் பார்க்கும் கருவி தனியாக அடியில் இருந்ததால் சற்று முன்னே பின்னே விழும். இதில் படம் விழும் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் கண்ணிலேயே போய் நிற்கிறது. சத்தமில்லாத ஷட்டர் பெரிய உபகாரம், 'க்ளிக்' கேட்டால்தானே விறைப்பு வரும். ஆனால் டியூப் லைட்டோ எல்.இ.டி.யோ எரியும் அறையில் அதை உபயோகித்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 சுழற்சி. அங்கே சாதாரண ஷட்டரில் 100-ல் ஒரு விநாடி வைப்பது நல்லது. கண்ணாடியில் ஜன்னல் பிரதிபலித்தால் கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். முப்பது வருஷமாகக் கண்ணாடியோடு பார்த்த முகம் அது. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினால் போய்விடும்.

அப்புறம், பேச வேண்டும். "மாமா, இங்கே பாருங்கோ, சிரியுங்கோ" என்றால் ஆதார் முகம்தான் வரும். 1971-ல் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது முதல் சம்பளம் என்ன, எந்த மெஸ்ஸில் சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லிக்கொண்டே ஒரு கணம் ஜன்னல் பக்கம் பார்ப்பார் பாருங்கள், அப்போது அழுத்த வேண்டும். ஒன்றரை மீட்டர் என்பது பேச்சு கேட்கும் தூரமும் ஆயிற்றே. 200 மி.மீ. லென்ஸைப் போட்டுக்கொண்டு அறையின் மறுகோடியில் நிற்பவரோடு யார் மனம் விட்டுப் பேசுவார்கள்?

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. நூலக அறையின் வடக்கு ஜன்னல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மாதான் இருக்கிறது. வருகிற தை மாதத்திலிருந்து மாதம் ஒரு ஞாயிறு, எழுபது வயதுக்கு மேற்பட்ட உறுப்பினர்களை நான்கு பேர் வீதம் அழைத்து, நம் இளைஞர்களில் கேமரா வைத்திருப்பவர்கள் முறைபோட்டு எடுக்கலாம். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போகலாம். ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒரு மடக்கு நாற்காலி போதும். கை வைக்காத நாற்காலியாக இருக்கட்டும், தோள் உயர்ந்து கழுத்து புதையாது. விருப்பமில்லாதவர்களை வற்புறுத்தக்கூடாது, எடுத்த படத்தை அவர்களிடம் காட்டி, சரி என்ற பிறகுதான் மற்றவர்களுக்கு அனுப்பலாம். தோலை மழமழவென்று ஆக்கும் மென்பொருள் எதையும் தொடக்கூடாது என்றும் ஒரு விதி வேண்டும்.

கைப்பேசியில் கிடக்கும் படம் கைப்பேசியோடு போய்விடும் என்பதால் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு பிரதி காகிதத்தில் போட்டு வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். மெக்கரி எடுத்த அந்தப் பெண்ணின் பெயர் ஷர்பத் குலா என்பது 2002-ல்தான் உலகுக்குத் தெரிந்தது. படம் அட்டையில் வந்து பதினேழு ஆண்டுகள் கழித்து. ஆகவே ஒவ்வொரு பிரதியின் பின்னாலும் பெயர், சொந்த ஊர், கல்கத்தா வந்த வருஷம், படம் எடுத்த தேதி நான்கையும் எழுதிக் கொடுப்போம். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.